ஆமை முதுகில் போன காந்தம்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் வந்து ஜக்கரியா என்று விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. "செட்டு பாய்" என்று கேளுங்கள், ஐஸ் வண்டிக்காரர்கூட கை காட்டுவார். வயர்லெஸ் செட், ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், திசைகாட்டி என்று படகில் வழி காட்டுகிற சாமான் எதுவானாலும் முப்பத்தோரு வருடம் என் கையில்தான் வந்தது. இப்போது கடை மருமகனிடம் இருக்கிறது. நான் காலையில் போய் இரண்டு மணி நேரம் குறை சொல்லிவிட்டு வீடு திரும்புவேன்.

கடையில் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று மருமகன் கேட்டார். "வாயால சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். "நீங்க வாயால சொன்னா பாதிக்கு மேல திட்டுதான் மாமா இருக்கு, எழுதினா குறையும்" என்றார். சரி, எழுதுகிறேன். என் கைராசியைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு, அதையெல்லாம் படகுக்காரர்களே சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது என் கையால் கெட்டுப்போன ஒரு வேலையைப் பற்றி.

1. எந்த போட்டுக்கு?

அது ஒரு மாசி மாதம். மேசையில் ஒரு வயர்லெஸ் செட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"ஆன்டெனா எல்லாம் உப்புத்தண்ணியில நிக்கிற மாதிரி நீங்கதான் மாட்டுவீங்களாமே?"

"ஆமாம்மா. எந்த போட்டுக்கு?"

"போட்டு இல்லங்க. ஆமைக்கு."

முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்ய வந்த முகமாகத் தெரியவில்லை. "ஏம்மா, ஆமைக்கு வழி தெரியலையாமா?" என்றேன்.

"அதுக்கு நல்லாவே தெரியும் பாய். எப்படித் தெரியுதுன்னுதான் நமக்குத் தெரியல."

பெயர் சுகன்யா. ஊர் அம்பகரத்தூர். அப்பா நெல் போடுகிறவர். இவள் ஒரு கல்லூரியில் கடலாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடற்கரையில் எல்லோரும் "ஆமை மேடம்" என்றார்கள். நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீர் வந்தால் பக்கத்தில் யார் நின்றாலும் கையைப் பிடித்துக்கொள்வாள். இப்படி ஒரு கடல் ஆராய்ச்சியாளரை நான் பார்த்ததே இல்லை.

தை முதல் பங்குனி வரை எங்கள் கரையில் ஏறி முட்டை போடும் ஆமையைப் பங்குனி ஆமை என்போம். முட்டை போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கினால் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு பெட்டி. சோப்பு டப்பா அளவு இருக்கும், மேலே விரல் நீளத்துக்கு ஓர் ஆன்டெனா. ஆமை மூச்சு விட மேலே வரும்போது பெட்டி சிக்னல் அனுப்பும், மேலே போகிற சாட்டிலைட் பிடித்துக்கொள்ளும். அவளிடம் இருந்தது இரண்டே பெட்டி. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. முந்தின வருடம் வேறொரு கரையில் மாட்டிய பெட்டி ஒரே வாரத்தில் கழன்று விழுந்துவிட்டதாம்.

"கடல்ல ஒட்டுனது நிக்கணும்னா செட்டு பாய்கிட்ட போங்கன்னு செல்வமணி அண்ணன் சொன்னாரு" என்றாள்.

செல்வமணி என் பழைய வாடிக்கையாளர், அதைவிடப் பழைய கூட்டாளி, மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாக ஒரு விசைப்படகு, அதற்கு அவரே டிரைவர். பத்துப் பதினோரு பேர் அவர் படகை நம்பி இருந்தார்கள். அவர் பேசினால் வயர்லெஸ் இல்லாமலே நாகூர் வரைக்கும் கேட்கும். அவர் சொல்லி அனுப்பிய ஆளை நான் எப்படித் திருப்பி அனுப்புவது?

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சின்னக் காந்தம் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தது. மருந்துப் பாட்டில் மூடி அளவு. "இது என்ன?"

"அதுதான் பாய் சுவிட்சு. காந்தம் இருக்கிற வரைக்கும் பெட்டி தூங்கும். எடுத்துட்டா முழிச்சுக்கும். கடைசியா எடுக்கணும்."

இரண்டு பெட்டியிலும் டேப்பு தளர்ந்திருந்தது, என் கடைக் கறுப்பு டேப்பால் இறுக்கி ஒட்டிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, ஆமைக்கு எப்படித் திசை தெரிகிறது என்று கேட்டேன். முப்பது வருடம் திசைகாட்டியோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஆசை இருக்காதா?

அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் வெளிச்சமாக இருக்கிற பக்கம் ஓடும். கரையில் லைட் இல்லாவிட்டால் கடல்தான் வெளிச்சம். தண்ணீரில் விழுந்ததும் அலையை எதிர்த்து நீந்தும். அலை வருகிற பக்கம்தான் ஆழக்கடல் என்று அதற்குத் தெரியும். அதற்கப்புறம் பூமியின் காந்தம். ஒவ்வொரு கரையிலும் அந்தக் காந்தத்தின் பலம் வேறு, அது பூமிக்குள் சாய்கிற சாய்மானம் வேறு. தான் பிறந்த கரையின் காந்தத்தைக் குஞ்சு மனதில் பதித்துக்கொண்டு போகிறது என்றும், பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பெரிதாகி முட்டை போட அதே பக்கத்தைத் தேடி வருகிறது என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம்.

சாய்மானம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பிரான்ஸில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லீவுக்கு வந்தபோது அங்கே வாங்கிய திசைகாட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அங்கே அருமையாக வேலை செய்ததாம், இங்கே வந்ததும் முள்ளின் தெற்கு முனை கீழே தொங்கி அடித்தட்டில் உரசியது. ஒரு வாரம் உருட்டிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்த ஊரில் காந்தம் வடக்கு முனையை நன்றாகக் கீழே இழுக்கும். அதனால் தெற்கு முனையில் எடை வைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த இழுப்பு கொஞ்சம்தான். எடை வைத்த பக்கம் தொங்காமல் என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் சுகன்யா குதித்துவிட்டாள். "அதேதான் பாய்! அந்தச் சாய்மானத்தைத்தான் ஆமை படிக்குது!"

"அப்ப எங்க டிரைவருங்களை விட ஆமை தேவலாம்மா. ஜிபிஎஸ்ல பேட்டரி இறங்கிட்டா இவனுங்க அவங்கவங்க வீட்டுக்கே போக மாட்டானுங்க" என்றேன். பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் என்னை முறைத்தார்கள்.

2. கையைத் தூக்கினேன்

முதல் ஆமை விடியற்காலையில் கிடைத்தது. அரசலாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். முட்டை போட்டு மூடிவிட்டுத் திரும்பும்போது நாலு பலகையை வைத்து அடைத்து நிறுத்தினோம். அனுமதிக் கடிதமெல்லாம் சுகன்யாவின் பையில் இருந்தது. ஓட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, ரெசினும் ஹார்டனரும் கலந்து பெட்டியை உட்கார வைத்தேன். பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க மேலே படகுக்கு அடிக்கிற பெயிண்ட். எல்லாம் முடிந்ததும் கையைத் தூக்கிவிட்டு விலகி நின்றேன். சுகன்யா வந்து காந்தத்தை எடுத்தாள், சின்ன ரிசீவரில் சத்தம் வருகிறதா என்று பார்த்தாள், பலகையைத் திறந்தாள். ஆமை போயே போய்விட்டது. அந்தக் காந்தத்தை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே கொடுத்தாள்.

நான் ஏன் விலகி நின்றேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் துறைமுகத்தில் ஒரு வழக்கம். புது செட்டை மெக்கானிக் மாட்டுவார், வயர் இழுப்பார், மூடுவார். சுவிட்சு மட்டும் போட மாட்டார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஓனர் தன் கையால் சுவிட்சு போட வேண்டும். ஓனர் முஸ்லிமாக இருந்தால் ஒரு பாத்திஹா ஓதி, அவர் போடுவார். மெக்கானிக் முந்திக்கொண்டு போட்டுவிட்டால் பெரிய சண்டையே வரும். முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு புது செட்டுக்கும் சுவிட்சு போட்டதில்லை.

நாலு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது ஆமை வந்தது. இந்தத் தடவை செய்தி பரவி ஊரே கரையில் நின்றது. ரெசின் காய்ந்து முடிய நன்றாக விடிந்துவிட்டது. செல்வமணியின் வீட்டுக்காரம்மா மகேஸ்வரி தட்டோடு வந்துவிட்டார்.

"மொத ஆமை வெறும் நெத்தியோட போயிருச்சு. புது சாமான் மாட்டிப் பொட்டு வைக்காம கடலுக்கு அனுப்புவாங்களா? என்ன பாய் நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"மேடத்தைக் கேளுங்க" என்றேன்.

"பூ மட்டும் கட்டாதீங்கக்கா, எதிலயாச்சும் மாட்டிக்கும்" என்றாள் சுகன்யா.

மகேஸ்வரி பெட்டி முழுக்கச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, ஆரத்தி சுற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். ஆமைக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு கையாலும் மணலை வாரி என் சட்டையிலும் சுகன்யாவின் கண்ணாடியிலும் அடித்தது. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கண்ணில் மண்.

"பாய், ரெடியா?"

நான் கையைத் தூக்கினேன். விலகி நின்றேன்.

அவள் பலகையைத் திறந்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். அலைக்குள் அது முங்கும்போது முதுகில் குங்குமம் சிவப்பாகத் தெரிந்தது. நான்கூடக் கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

3. இன்னொண்ணு எங்க?

முதல் ஆமை தினமும் சிக்னல் கொடுத்தது. தெற்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதிலிருந்து மூச்சே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். சுகன்யா சாப்பிடாமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒழுங்கான பெண்ணாகையால் "சிக்னல் வரவில்லை" என்று அறிக்கையிலும் எழுதினாள்.

அந்த அறிக்கை மீன்வளத்துறை அதிகாரி ஒருவரின் மேசைக்குப் போனது. திங்கட்கிழமை காலை ஆமை இறங்கின நேரத்தில் கரையோரம் ஒரு விசைப்படகு மெதுவாகப் போனதை யாரோ சொல்லியிருந்தார்கள். அது செல்வமணியின் படகு. இன்ஜின் பெல்ட் அறுந்து, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதிகாரிக்கு வேறு கணக்கு. ஆமை வலையில் மாட்டிச் செத்திருக்கும், பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் படகு கடலுக்குப் போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்.

மீன்பிடித் தடைக்காலம் வர இன்னும் ஐந்தாறு வாரம்தான். அதற்குள் ஓடினால்தான் தடைக்காலத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த நேரத்தில் படகு துறையில் கட்டிக் கிடந்தால் பத்துப் பதினோரு வீடும் பட்டினிதான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வமணி கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் ஆமையைக் கொல்லுவனா பாய்? என் பொண்டாட்டி பொட்டு வச்சு அனுப்புன ஆமையை நானே கொன்னு பெட்டியைப் பிடுங்குவனா? என்ன பேச்சு இது!"

"விடுங்க மாப்ளே, பெட்டியிலதான் ஏதோ கோளாறா இருக்கும்" என்றேன்.

கோபம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மேசையில் கிடப்பதை எடுத்து உருட்டுவார். அன்றைக்கு என் ஸ்குரூ எல்லாம் ஒட்டிக் கிடந்த அந்தச் சின்னக் காந்தம் அவர் கையில் அகப்பட்டது.

"இது என்ன பாய், சின்னதா இருக்கு? இந்த இழுப்பு இழுக்குது!"

"அதுவா? ஆமைப் பெட்டியோட காந்தம். அதை எடுத்தாத்தான் பெட்டி வேலை செய்யும்."

அவர் காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ஆமையில்ல போச்சு? இன்னொண்ணு எங்க?"

அல்லாஹ்வே! என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அவர் எதையும் நினைத்துக் கேட்கவில்லை. காந்தத்தைப் போட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அதிகாரியைத் திட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் படியிறங்கியதும் மருமகனின் போனை வாங்கினேன். மகேஸ்வரி அன்றைக்கு ஆரத்தி சுற்றிய வீடியோ எல்லோர் போனிலும் இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில், சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில், மருந்துப் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு புடைப்பு. கறுப்பு டேப்பின் ஓரம்கூடத் தெரிந்தது.

நான் எடுக்கவில்லை. அவள் எடுப்பாள் என்று கையைத் தூக்கினேன். நான் கையைத் தூக்கியதைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று அவள் திறந்துவிட்டாள்.

காந்தம் திசையை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜிபிஎஸ் வராத காலத்தில் ஒரு டிரைவர் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரை மாட்டிவிட்டார். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது என்ன? காந்தம். மூடுபனியில் காரைக்காலுக்கு வருகிறேன் என்று ஓட்டி வேதாரண்யத்துக்கு நேராகப் போய் நின்றார். ஊரே சிரித்தது, நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். இப்போது காந்தத்தைப் படித்து வழி கண்டுபிடிக்கிற ஒரு ஜீவனின் முதுகில் காந்தத்தை ஒட்டி, ரெசின் போட்டு, பெயிண்டும் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

4. ஞாயிறு, திங்கள், செவ்வாய்

உடனே ஓடிப்போய் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை.

"செட்டு பாய் கை வச்சா தப்பாது" என்று துறைமுகத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிரியாணி மாதிரி. அதை விட மனசு வரவில்லை. டேப்பு உப்புத்தண்ணீரில் ஊறித் தானாகக் கழன்றுவிடும், நாளைக்கே சிக்னல் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் டேப்பு ஒட்டினால் மூன்று வருடம் நிற்கும் என்று வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்கிறவனும் நான்தான். திங்கட்கிழமை முழுக்க மருமகன் மேல் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்தார், பாவம்.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். செல்வமணியின் படகு கட்டிக் கிடந்தது. அவருடைய ஆட்கள் நல்ல வலையையே மறுபடியும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், எனக்கு நாலைந்து வயது சின்னவர், பேரன் எடுத்தவர், எழுந்து வந்தார்.

"பாய், கடையில கூட்டிப் பெருக்குற வேலை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து நேராகக் கடற்கரையில் சுகன்யா இருந்த கொட்டகைக்குப் போனேன். போனை நீட்டி வீடியோவைக் காட்டினேன். "காந்தத்தை நான் எடுக்கல தாயி."

அவள் மூன்று தடவை பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"பெட்டி போகட்டும் பாய்" என்றாள். "அதுக்கு வழியே தெரியாமப் பண்ணிட்டோமே."

பிறகு அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இது ரெண்டு பேர் தப்புங்க. 'காந்தம் எடுத்தாச்சு'ன்னு நான் பார்க்காமலே டிக் போட்டிருக்கேன். வாங்க, போவோம்."

அதிகாரி வீடியோவைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "பாய், எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க பேர் பைல்ல ஏறிடும். வாயால சொன்னாப் போதும், நான் பாத்துக்கிறேன்."

"ஏறட்டுங்க சார். வாயால சொன்னா நாளைக்கு வேற யாராச்சும் வேற மாதிரி சொல்வாங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு தாள் வீணானது. சுகன்யாவும் தன் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்காகக் கல்லூரியில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். சாயங்காலமே படகுக்கு அனுமதி வந்துவிட்டது.

செல்வமணியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப தெரியும் பாய்?"

செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். "ஞாயித்துக்கிழமை. நீங்க கடைக்கு வந்தப்பவே" என்றேன்.

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்" என்று விரலை மடக்கினார். கத்தவில்லை. அந்த மனிதர் கத்தாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த வாரம் அவருடைய எக்கோ சவுண்டர் பழுதானபோது நாகப்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சரி செய்தார் என்று கேள்விப்பட்டேன். என் கடை வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

5. சாமானோட வாங்க

ஒரே பருவத்தில் சில ஆமைகள் இரண்டாம் தடவையும் முட்டை போட வரும் என்று சுகன்யா சொல்லியிருந்தாள். மூன்று நாலு வாரம் ஆகும். வரும் என்று கட்டாயம் இல்லை. வந்தாலும், காந்தத்தைச் சுமந்துகொண்டு எந்தக் கரைக்குப் போகுமோ? நான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். ஆமைக்காக துஆ கேட்கிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

ஆமை இறங்கி இருபத்தைந்தாவது நாள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. செல்வமணி.

"பாய், கடக்கரைக்கு வாங்க. சாமானோட வாங்க." வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. செல்வமணியும் அவருடைய ஆட்களும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவே ஆமை. முட்டை போட்டு முடித்து, உடம்பால் மணலைத் தட்டித் தட்டிக் குழியை மூடிக்கொண்டிருந்தது. முதுகில் என் பெட்டி. குங்குமமெல்லாம் போய்விட்டது. ஆன்டெனா கொஞ்சம் வளைந்திருந்தது. காந்தம் மட்டும் ஒட்டின இடத்திலேயே இருந்தது. அந்த நேரத்திலும் என் டேப்பைப் பற்றி ஒரு நொடி பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

இதே ஆமையின் முதல் குழி இருந்த இடத்துக்கு வேலி போட்டிருந்தோம். அங்கே நின்று கூப்பிட்டால் இங்கே கேட்கும், அவ்வளவு தூரம்தான்.

சுகன்யா ஸ்கூட்டரை மணலில் கிடத்திவிட்டு ஹெல்மெட்டோடு ஓடி வந்தாள். ஆமையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். பிறகு ரிசீவரை எடுத்தாள். பலகையை வைத்து அடைத்தோம். நான் பிளேடால் டேப்பைக் கீறினேன். காந்தம் கழன்று வந்தது. ரிசீவர் சத்தம் போட்டது.

"காந்தம் எடுத்தாச்சு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளங்கையை விரித்து ஒவ்வொருவரிடமும் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். செல்வமணி சிரிக்கவில்லை.

பலகையைத் திறந்ததும் ஆமை திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனது.

"எப்படிம்மா வந்துச்சு?" என்று செல்வமணி கேட்டார். "முதுகுல காந்தம் இருந்தா வழி கெட்டுப் போகும்னீங்களே?"

"தெரியலண்ணே" என்றாள் சுகன்யா. "காந்தம் ஓட்டுல இருந்துச்சு, தலைகிட்ட இல்ல. அதனால ரொம்பப் பாதிக்காம இருந்திருக்கலாம். இல்ல, கரையை விட்டு ரொம்ப தூரம் போகாமலே இருந்திருக்கலாம். இல்லன்னா அலை, வெயில், தண்ணியோட வாசனை, எதையாச்சும் பிடிச்சு வந்திருக்கலாம். அதுக்கு ஒண்ணே ஒண்ணை நம்பி ஓடுற பழக்கம் இல்ல. உறுதியாச் சொல்ற மாதிரி எங்கிட்ட ஒண்ணுமில்ல, பெட்டிதான் தூங்கிட்டு இருந்துச்சே."

செல்வமணி கடலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். "அதுக்கு நாம வழியை மறைச்சு அனுப்புனோம் பாய். அப்பவும் வர வேண்டிய இடத்துக்கு வந்துருச்சு. உங்களுக்கு என் வீட்டு வழி கண்ணைக் கட்டி விட்டாலும் தெரியும். ரெண்டு நாள் வரலியே."

ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "தப்புதான் மாப்ளே. என் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். பேரன் எடுத்த அந்த மனிதரிடமும் தனியாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வமணி பலகைகளை அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆமை அதற்கப்புறம் கோடியக்கரையைச் சுற்றி, இலங்கையின் கிழக்குப் பக்கமாக இறங்கிப் போனது. லேப்டாப்பில் ஒவ்வொரு புள்ளியாகச் சுகன்யா காட்டினாள். சில நாள் நேர்கோடு கிழித்த மாதிரி போகும், சில நாள் நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும், மறுபடி வளைந்து தன் பாதைக்கு வரும். எந்த டிரைவரும் ஜிபிஎஸ் இல்லாமல் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

கடைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை முடிந்தால் கையைத் தூக்காதீர்கள், வாயைத் திறந்து என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்று சொல்லுங்கள். பொட்டு வைக்கட்டும், ஓதட்டும், ஓனரே சுவிட்சு போடட்டும், போட்டாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மறந்துபோவது மனுஷனுக்கு நடக்கிறதுதான். நான் காந்தத்தை மறந்ததை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான் ஒரு வருடம் ஆனது.

செல்வமணி இப்போது கடைக்கு வருகிறார். நாற்காலியில் உட்காருகிறார், டீயும் குடிக்கிறார். அவர் செட்டைப் பிரித்துப் பார்த்து, "மாப்ளே, இந்த போர்டு போயிருச்சு" என்று நான் சொன்னால் மட்டும், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"எப்ப தெரியும் பாய்?"

"இப்பத்தான் மாப்ளே" என்பேன். அவர் என் மருமகன் முகத்தைப் பார்ப்பார். மருமகன் தலையாட்டிய பிறகுதான் டீயை எடுப்பார்.